சமரி ஆட்டமிழந்த பின்



இந்தப் பக்கத்தில் இதுவரை சிறுசேமிப்பு, பிள்ளைகளின் போசாக்கு, மழைக்கால இருமல் என்றுதான் எழுதி வந்தேன். இந்த மாதம் கிரிக்கெட். "அக்காவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. நம் நாட்டு மகளிர் அணிக்குப் புதிய ஆட்டக்காலம் தொடங்கப் போகிறதென்றால் எனக்கு இரண்டு வாரம் முன்னரே இப்படித்தான். கையில் வேலை ஓடும், மனம் மைதானத்தில் நிற்கும். சுவரில் தொங்கும் கலண்டரில் சம்பள நாள், சீட்டுக் கட்டும் நாள், கிளினிக் நாள் எல்லாவற்றோடும் ஆட்ட நாட்களுக்கும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைப்பேன். என் வீட்டுக்காரர் ஒருமுறை அந்த வட்டங்களைக் கடன் தவணை என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

கிரிக்கெட் எங்கள் லயத்துக்குப் புதிதல்ல. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக்கிண்ண இறுதியாட்டம் நடந்தபோது எங்களுக்கு மின்சாரம் இல்லை. வாகன பெற்றரியில் ஓடிய ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. ஒரே காம்பராவுக்குள் நாற்பது பேர். முன்னால் ஆண்கள், அடுத்துப் பையன்கள், கதவுக்கு வெளியே நாங்கள். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்ததை ஆண்களின் தலைகளுக்கு இடையால்தான் பார்த்தேன். பாதி நேரம் அதுவும் இல்லை, தேத்தண்ணீர் ஊற்றுவதற்கு அடுப்படிக்கு ஓட வேண்டும். மறு வருடமே, 1997இல், இலங்கைப் பெண்கள் அணியும் சர்வதேச ஆட்டங்களில் இறங்கியது. 1998இல் பாகிஸ்தான் பெண்களோடு கொழும்பில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடி வென்றது. கால் நூற்றாண்டு தாண்டியும் அவர்களுக்கு இரண்டாவது டெஸ்ட் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. அந்தச் செய்தியெல்லாம் அப்போது எங்கள் மலைக்கு ஏறி வரவில்லை. பெண்கள் தொப்பி போட்டுக்கொண்டு நாட்டுக்காகப் பந்து வீசுகிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

எனக்குப் பைத்தியம் பிடித்தது 2013 பெப்ரவரி 1ஆம் திகதி. மும்பையில் உலகக்கிண்ணத் தொடர். இங்கிலாந்து அப்போது உலகச் சம்பியன், 238 ஓட்டங்கள் எடுத்திருந்தது. நம் பிள்ளைகள் அடித்து அடித்துச் சமப்படுத்தி விட்டார்கள். கடைசிப் பந்து. ஒரே ஓட்டம் வேண்டும். கையில் ஒரே விக்கெட். டிலானி மனோதரா அந்தப் பந்தை ஆறு ஓட்டங்களுக்குத் தூக்கி அடித்தார். ஒன்று போதும் என்ற இடத்தில் ஆறு! இரவுச் செய்தியில் இதைக் கேட்டுவிட்டு நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நான்கு நாள் கழித்து இந்தியாவையும் 138 ஓட்டங்களால் வென்றார்கள்.

அன்றிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோல் போடுவதில்லையா, அதுபோல இது என் செக்ரோல். யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை விக்கெட் என்று கோடு போட்டு எழுதி வைப்பேன். நாள் போகப் போக அதில் ஒரு விசயம் கண்ணைக் குத்தத் தொடங்கியது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரே பெயர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. சமரி அத்தபத்து.

குருநாகல் பக்கத்துப் பெண். 1990 பெப்ரவரியில் பிறந்தவர். இடது கையால் ஆடும் ஆரம்பத் துடுப்பாட்ட வீராங்கனை. 2017 ஜூன் 29ஆம் திகதி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பெண்கள் கிரிக்கெட் இருக்கும்வரை சொல்வார்கள். ஆட்டமிழக்காமல் 178 ஓட்டங்கள். அணியின் மொத்தம் 257. கழித்துப் பாருங்கள். மற்ற எல்லோரும் சேர்ந்து, உதிரி ஓட்டங்களையும் கூட்டினால் 79. அவுஸ்திரேலியா 8 விக்கெட்டால் வென்றுவிட்டது. உலகமே சமரியைப் பாராட்டியது. நான் கொப்பியில் எழுதிவிட்டு அந்த 79ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமை வீட்டுக்குள்ளும் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்து விட்டது. சமரி ஆட்டமிழந்தால் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவோம். பக்கத்து வீட்டு அக்கா எழும்பி, "அவ்வளவுதான் புள்ள, இனி யாரு இருக்கா? நான் போயி ரொட்டிக்கு மாப் பிசையிறேன்" என்று போய்விடுவார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. 2022 ஒக்டோபர் 15ஆம் திகதி சில்ஹெட்டில் ஆசியக்கிண்ண இறுதியாட்டம். இரண்டு நாளுக்கு முன்னர்தான் அரையிறுதியில் பாகிஸ்தானை ஒரே ஓட்டத்தால் வென்று எங்கள் இதயத்தை நிறுத்தப் பார்த்தார்கள். இறுதியில் சமரி 6 ஓட்டத்தில் ரன் அவுட். அதன்பின் சீட்டுக்கட்டு சரிந்தது போல. 20 ஓவரும் ஆடி 9 விக்கெட்டுக்கு 65 ஓட்டங்கள். இந்தியா ஒன்பது ஓவர் முடிவதற்குள் எடுத்துவிட்டது. அன்று ரொட்டி நேரத்தோடே வெந்துவிட்டது.

இதில் பிள்ளைகளை மட்டும் குறைசொல்லக் கூடாது. ஆட ஆடத்தானே கை திருந்தும்? 2020 மார்ச் 2ஆம் திகதி மெல்பர்னில் சஷிகலா சிறிவர்தன தன் கடைசி ஆட்டத்தில் 4 விக்கெட் எடுத்து விடைபெற்றார். அதற்கடுத்த சர்வதேச ஆட்டம் நம் அணிக்குக் கிடைத்தது 2021 நவம்பரில், ஹராரேயில். இருபது மாதங்கள்! அந்தத் தகுதிகாண் சுற்றும் கொரோனாவால் பாதியில் நின்றது, 2022 உலகக்கிண்ணத்துக்குப் போக முடியாமல் போயிற்று. இருபது மாதம் கொழுந்து எடுக்காத மலை என்னவாகும் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செடி மரமாகிவிடும், கை எட்டாது.

மலைநாட்டில் இருந்துகொண்டு முரளியைப் பற்றிப் பேசாமல் கிரிக்கெட் பேச முடியாது. முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவர். கண்டியில் வளர்ந்த பேரன் 133 டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்தார். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் அந்த 800ஆவது விக்கெட்டோடு அவர் விலகியபோது எங்கள் லயத்தில் சில ஆண்கள் இனி கிரிக்கெட்டே பார்ப்பதில்லை என்று சபதம் போட்டார்கள். யார் வந்தார்? ரங்கன ஹேரத். 1999இல் முதல் டெஸ்ட் ஆடியவர். பத்து வருடத்துக்கு மேல் முரளியின் நிழலில் வந்தும் போயும் இருந்தவர். முப்பத்திரண்டு வயதில் முழுப் பாரமும் தோளில் விழ, 2018இல் விலகும்போது 433 விக்கெட் எடுத்திருந்தார். அதில் பெரும்பங்கு முரளி போன பிறகு எடுத்தவை. இடம் காலியானபோதுதான் அந்த மனிதருக்குள் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிந்தது. சபதம் போட்டவர்களும் திரும்பி வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சமரிக்குப் பின்னும் அப்படி யாராவது இருப்பார்களா என்ற கேள்விதான் ஒவ்வொரு ஆட்டக்காலத்துக்கு முன்னும் எனக்கு. 2024ஆம் ஆண்டு அதற்குப் பாதிப் பதில் கிடைத்தது.

அந்த ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் பொட்செப்ஸ்ட்ரூமில் 302 ஓட்டங்கள் என்ற இலக்கைத் துரத்தினார்கள். அதுவரை பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவு பெரிய இலக்கை யாரும் எட்டியதில்லை. சமரி ஆட்டமிழக்காமல் 195. மறுமுனையில் நிலக்ஷிகா சில்வா ஆட்டமிழக்காமல் 50. அன்றும் சமரிதான், சரி. ஆனால் பக்கத்தில் கடைசிவரை ஒருத்தி நின்றாள்.

பிறகு ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. தம்புள்ளையில் ஆசியக்கிண்ண இறுதி, மறுபடியும் இந்தியா. 166 ஓட்டங்கள் வேண்டும். சமரியும் ஹர்ஷிதா சமரவிக்ரமவும் சேர்ந்து நன்றாகக் கொண்டுபோனார்கள். 12ஆவது ஓவரில், 94 ஓட்டங்கள் இருக்கும்போது, சமரி 61 எடுத்து ஆட்டமிழந்தார். அக்கா வழக்கம்போல் எழும்பிவிட்டார். நானும் தொலைக்காட்சியை நிறுத்தக் கை நீட்டினேன். என் மகள், "அம்மா, ரெண்டு ஓவர் பொறுங்க" என்றாள். பொறுத்தோம். ஹர்ஷிதா அசையவில்லை. புதிதாக வந்த கவிஷா டில்ஹாரி 16 பந்தில் 30 அடித்தார். ஹர்ஷிதா 69. எட்டுப் பந்து மீதமிருக்க முடிந்துவிட்டது. இலங்கைப் பெண்களுக்கு முதல் ஆசியக்கிண்ணம். மாப் பிசைந்த கையோடு அக்கா வாசலில் நின்று, "சமரி இல்லாமயா? சமரி இல்லாமயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று என் கொப்பியில் புதிதாக ஒரு நிரல் கீறினேன். அதற்குத் தலைப்பு, 'சமரி ஆட்டமிழந்த பின்'. இப்போது மற்ற எதையும்விட அந்த நிரலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மூன்று வாரம் கழித்து நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓகஸ்ட்டில் அயர்லாந்துக்குப் போன அணியில் சமரி இல்லை. அதுவரை இலங்கைப் பெண்கள் ஒருநாள் ஆட்டங்களில் எடுத்த சதங்கள் எல்லாமே சமரியுடையவை. வேறு யாரும் ஒன்றுகூட எடுத்ததில்லை. பெல்பாஸ்ட்டில் முதல் ஆட்டத்தில் விஷ்மி குணரத்ன 101 எடுத்தார், வயது பதினெட்டு. இரண்டாவது ஆட்டத்தில் ஹர்ஷிதா 105. இருபத்தேழு வருடத்தில் ஒருவருக்கும் முடியாதது மூன்று நாளில் இருவருக்கு முடிந்தது. ஆனால் அந்த இரண்டு ஆட்டத்திலும் தோற்றோம்!

இதைப் பார்த்துப் பலர் சலித்துக்கொண்டார்கள். எனக்குச் சலிப்பு வரவில்லை. நம் வீடுகளில் நடப்பதுதானே. அம்மா காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் என்ன நடக்கும்? முதல் நாள் மகள் வடிக்கும் சோறு குழைந்துவிடும். இரண்டாம் நாள் கறிக்கு உப்புக் கூடும். தண்ணீர் எடுக்கப் போன மனுசன் பாதி வழியில் சிந்திவிட்டு வருவார். அம்மாவுக்குப் படுத்திருக்கப் பொறுக்காது, "தள்ளு, நானே செய்றேன்" என்று எழும்பி வந்துவிடுவாள். அப்படி எழும்பி வராமல் இன்னும் மூன்று நாள் படுத்திருந்தால் அந்த வீடு சமைக்கப் பழகியிருக்கும். நம்மில் எத்தனை பேர் படுத்திருப்போம்? நான் படுத்ததில்லை. அதனால்தானோ என்னவோ அயர்லாந்தில் தோற்ற அந்த இரண்டு ஆட்டமும் என் கொப்பியில் மிகவும் பிடித்த பக்கங்கள்.

இனி நேராகச் சொல்கிறேன், ஆசியக்கிண்ணத்துக்குப் பின் எதுவும் இலகுவாகப் போகவில்லை. 2024 ஒக்டோபரில் ஐக்கிய அரபு இராச்சியத்தில் நடந்த டி20 உலகக்கிண்ணத்தில் ஆடிய நான்கிலும் தோல்வி. 2025இல் ஒருநாள் உலகக்கிண்ணம் நம் மண்ணுக்கே பாதி வந்தது. நான் அந்த செப்டெம்பர் முழுக்க வட்டம் போட்டது மாதிரி வாழ்நாளில் போட்டதில்லை. என்ன நடந்தது? மழை. கொத்மலைக்காரிக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம், அணைக்கட்டு நிறைய வேண்டுமென்று வேண்டிக்கொள்பவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஒக்டோபரில் கொழும்பில் பெய்த மழையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒக்டோபர் 14ஆம் திகதி நியூசிலாந்துக்கு எதிராக 258 ஓட்டங்கள். நிலக்ஷிகா 26 பந்தில் அரைச்சதம். எதிரணி துடுப்பெடுத்து ஒரு பந்துகூட ஆடாமல் ஆட்டம் கைவிடப்பட்டது. அவுஸ்திரேலியாவோடும் பாகிஸ்தானோடும் அதேபோல மழைதான். ஏழில் மூன்று தண்ணீரோடு போயிற்று, மூன்றில் தோற்றோம், ஒன்றில் வென்றோம்.

அந்த ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். ஒக்டோபர் 20, நவி மும்பை, பங்களாதேஷ். நாம் எடுத்தது 202 ஓட்டங்கள்தான். சமரி 46இல் போய்விட்டார். அவருக்குப் பின்னும் நின்று ஹாசினி பெரேரா 85 எடுத்தார். (என் நிரலில் பச்சைப் பேனையால் எழுதியிருக்கிறேன்.) கடைசி ஓவரில் பங்களாதேஷுக்கு 9 ஓட்டங்கள் வேண்டும். பந்தைச் சமரியே எடுத்தார். முதல் நான்கு பந்தில் நான்கு விக்கெட். ஏழு ஓட்டத்தால் வெற்றி. அக்கா வீட்டில் சட்டி விழுந்த சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. கடைசியில் மறுபடியும் சமரிதானே என்று நீங்கள் கேட்டால், ஆமாம், நானும் அதைத்தான் யோசித்தேன்.

அதன்பின் நவம்பர் கடைசியில் டித்வா புயல். எங்கள் பக்கம் மண் சரிந்து, பாதை மூடி, மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில் யாருக்குக் கிரிக்கெட் ஞாபகம் வரும்? டிசம்பரில் இந்தியாவுக்குப் போய் ஐந்து டி20 ஆட்டங்களில் ஐந்திலும் தோற்றார்கள். அவற்றைக் கொப்பியில் பென்சிலால்தான் எழுதினேன்.

அந்தப் பென்சில் எழுத்துக்கு மேலேதான் புது ஆட்டக்காலத்துக்கு மறுபடியும் கோடு கீறியிருக்கிறேன். எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டால், கிண்ணம் என்று சொல்லத் துணிவில்லை. ஆரம்பத்தில் ஒரு விக்கெட் விழுந்ததும் நடுவில் வருகிறவர்கள் தடுத்துத் தடுத்துப் பந்தை வீணாக்காமல் ஒன்று இரண்டாக ஓட வேண்டும். பிடி விடக்கூடாது. அந்த ஒரு நிரலில் கூடுதலாகப் பச்சை மை விழ வேண்டும். இவ்வளவும் கிடைத்தால் தோற்றாலும் ரொட்டி சுடுவேன்.

இன்னொன்று, இதற்காகத்தான் இந்த மாதப் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன். எங்கள் லயத்துக்கு முன்னால் உள்ள பாதையில் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். தேயிலைக்குள் அடித்தால் அவுட், பந்து தேட முடியாது. பள்ளத்தில் அடித்தவரே இறங்கி எடுத்துவர வேண்டும். அதனால் எல்லோரும் நேராக அடிக்கப் பழகியிருக்கிறார்கள், அது ஒரு நல்ல பயிற்சிதான். அதில் ஒரு சிறுமி, பன்னிரண்டு வயது இருக்கும், இடது கையால் பந்து வீசுகிறாள். பந்து விழுந்து திரும்புகிறது, பெரிய பையன்களே தடுமாறுகிறார்கள். அவளுக்குத் துடுப்பு மட்டும் கொடுப்பதில்லை. "நீ போடு, நாங்க அடிக்கிறோம்" என்கிறார்கள். அவள் நாலு பந்து போடுவதற்குள் வீட்டிலிருந்து குரல் வந்துவிடும், தம்பியைப் பார்க்க, தண்ணீருக்கு, விறகுக்கு. ஓவர் முடியாமலே போய்விடுவாள். மிச்சப் பந்தைத் தம்பிமார் யாராவது போடுவார்கள்.

தாய்மாரே, கூப்பிடுவது நாம்தான். நானும் என் மகளை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

நம் மாதர் சங்க விளையாட்டு விழாவுக்கு வருடாவருடம் பெண்களுக்கு என்ன வைக்கிறோம்? சங்கீதக் கதிரை, தேசிக்காய் கரண்டி ஓட்டம், யானைக்குக் கண் வைத்தல். நானே மூன்று முறை தேசிக்காயைக் கீழே போட்டவள், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த முறை ஒரு மாற்றம் செய்வோம். ஆறு ஓவர் ஆட்டம் ஒன்று. இரண்டு அணியிலும் பெண்களும் பெண்பிள்ளைகளும் மட்டும். தேத்தண்ணீரை ஆண்கள் ஊற்றட்டும், அவர்களுக்கும் கை பழகட்டும். அக்கா விக்கெட் காக்கச் சம்மதித்துவிட்டார், குனிய மாட்டாராம், நின்றபடியே பிடிப்பாராம். அந்த இடது கைப் பிள்ளை முதலில் துடுப்பெடுத்து ஆட வேண்டும் என்று மட்டும் நான் நிபந்தனை போட்டிருக்கிறேன்.

டெனிஸ் பந்து இரண்டு வாங்கும் காசு என் பொறுப்பு. துடுப்பு யார் வீட்டில் இருக்கிறதோ, மகனிடம் கேட்டு வாங்கி வாருங்கள்.